கற்பித்தற் பயிற்சிக்குப் பாடசாலை தேடுறது ஆற்ற பொறுப்பு?

நாலாம்வருசம் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். கல்விமாணி கடைசி வருசம், தமிழ் முதற்பாடம். எந்தப் பல்கலைக்கழகம் எண்டு கேக்காதேங்கோ.

இவ்வளவு காலமும் கற்பித்தற் பயிற்சிக்குத் துறைதான் பாடசாலை ஒதுக்கித் தந்தது. இந்த முறை அறிவித்தல் வேற மாதிரி வந்திருக்கு. விரும்பின பாடசாலையை நீங்களே தேடி, அதிபரின்ர சம்மதக் கடிதத்தைக் கொண்டு வாங்கோ, மிச்சத்தை நாங்கள் பாக்கிறம் எண்டு போட்டிருக்கு. வகுப்பில பாதிப் பேருக்குச் சந்தோசம். எனக்கு இல்லை.

நான் படிச்சது வடமராட்சியில ஒரு சின்னப் பள்ளிக்கூடம், ஓ.எல். வரைக்குந்தான் அங்க. ஏ.எல். படிச்ச இடத்தில எனக்கு முன்னமே மூண்டு பேர் கடிதம் வாங்கியிட்டினம். நெல்லியடி, பருத்தித்துறை எண்டு ஏறி இறங்கினன். ஒரு இடத்தில அதிபர் "ஆர் பிள்ளை உம்மை அனுப்பினது?" எண்டு கேட்டார். ஒருத்தரும் அனுப்பேல்லை சேர், நானாத்தான் வந்தனான் எண்டன். அடுத்த கிழமை வரச் சொன்னார். போனன், திரும்பவும் அடுத்த கிழமையாம். என்னோட படிக்கிற ஒருத்தியின்ர அப்பா அதே பள்ளிக்கூடத்தின்ர பழைய மாணவர் சங்கத்தில இருக்கிறார். காலமை ஒரு போன் எடுத்தார், பின்னேரம் கடிதம் வட்ஸப்பில வந்திட்டுது.

ஆளைத் தெரிஞ்சவைக்கு ஒரு வழி, தெரியாதவைக்கு ஒரு வழி எண்டால் அது பரீட்சையோட சேர்ந்த ஒரு வேலைக்குச் சரியோ? துறை இதைக் கையில வச்சிருக்கவேணும் எண்டுதான் நான் நினைக்கிறன். அனுபவம் உள்ளவை சொல்லுங்கோ.

கொக்குவிலான் எழுதியது:

தங்கச்சி, கோவிக்காதேங்கோ, நான் மற்றப் பக்கம். துறை ஒதுக்கின காலத்து ஆள் நான், அதால சொல்லுறன்.

என்ர வீடு கொக்குவில். போட்ட இடம் மருதங்கேணிப் பக்கம். இருட்டோட வெளிக்கிட்டாத்தான் 7.30 மணிக்கு வாசலில நிக்கலாம். சரி, தூரத்தை விடுவம். என்ர பாடம் நாடகமும் அரங்கியலும். அந்தப் பள்ளிக்கூடத்தில நாடகமே இல்லை! சங்கீதம் இருக்கு, சித்திரம் இருக்கு, நாடகம் படிப்பிக்கிற ஒரு ஆள்கூட இல்லை. பட்டியல் போட்டவருக்குப் பாடசாலையின்ர பேர் தெரியும், உள்ள என்ன நடக்குதெண்டு தெரியாது. கடைசியில தரம் 7க்குத் தமிழ் படிப்பிச்சன். மேற்பார்வைக்கு வந்தவர் பின்வாங்கில இருந்து அந்தத் தமிழ்ப் பாடத்தைப் பாத்திட்டு நாடகத்துக்குப் புள்ளி போட்டிட்டுப் போனார்.

நானே தேடியிருந்தால் அதிபரிட்டைக் கேக்கிற முதல் கேள்வி அதுவாத்தான் இருந்திருக்கும்: சேர், நாடகம் இருக்கோ, ஆர் படிப்பிக்கினம்? தன்ர பாடம் எங்க இருக்கெண்டு மாணவனுக்குத்தான் வடிவாத் தெரியும். நாளைக்கு 40 பிள்ளையளை அடக்கி வச்சுப் படிப்பிக்கப்போற ஆள், ஒரு அதிபரோட கதைச்சு ஒரு துண்டுக் கடிதம் வாங்க ஏலாதெண்டால் எப்பிடி?

நாலாம்வருசம் எழுதியது:

அண்ணை, கதைக்க ஏலாமல் நான் திரும்பி வரேல்லை. கதைச்ச பிறகுதான் திரும்பி வந்தனான். என்ன கதைச்சம் எண்டது அங்க கணக்கில்லை, ஆற்ற பிள்ளை எண்டதுதான் கணக்கு.

நீங்கள் சொன்ன நாடகக் கதை துறையின்ர பிழைதான், இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனால் பட்டியல் பிழையெண்டால் பட்டியலைத் திருத்தவேணும். பட்டியலே வேண்டாம், ஆளாளுக்கு ஓடித் திரியுங்கோ எண்டு விடுறது அதுக்கு மருந்தோ?

பழைய அதிபர் எழுதியது:

வணக்கம். வலிகாமத்தில் இருபது வருடத்துக்கு மேல் அதிபராக இருந்து ஓய்வு பெற்றவன். இருவரும் ஒரு அடிப்படை விடயத்தைத் தவறவிட்டுவிட்டீர்கள்.

அதிபரின் கடிதம் அனுமதி ஆகாது. அது அவருடைய மனச்சம்மதம் மட்டுமே. 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்தோடு மாகாண சபைகள் வந்த பிறகு இங்குள்ள பெரும்பாலான பாடசாலைகள் மாகாணக் கல்வித் திணைக்களத்தின் கீழ் வந்துவிட்டன. தேசிய பாடசாலைகள் மட்டும் மத்திய அரசின் கல்வி அமைச்சோடு நிற்கின்றன. ஆகவே மாகாணப் பாடசாலைக்கு ஒரு வழி, தேசிய பாடசாலைக்கு வேறு வழி. யாழ்ப்பாணம், வலிகாமம், வடமராட்சி, தென்மராட்சி, தீவகம் என்று மாவட்டத்தில் ஐந்து கல்வி வலயங்கள். வலயக் கல்விப் பணிப்பாளருக்குத் தெரியாமல் வெளியாள் ஒருவரை நான் வகுப்புக்குள் விட்டு, அங்கே ஒரு பிள்ளைக்கு ஏதும் நடந்துவிட்டால் யார் பதில் சொல்வது?

அந்தப் பிள்ளையை "அடுத்த கிழமை வா" என்று அனுப்பிய அதிபரைப் பற்றி எல்லோரும் கோபப்படலாம். ஆனால் துறையிடமிருந்து ஒரு கடிதமும் இல்லாமல், வலயத்தின் ஒரு வரியும் இல்லாமல் கையை வீசிக்கொண்டு வந்த ஒருவரை ஏற்கவேண்டிய கடமை அவருக்கு இல்லை. பழைய மாணவர் சங்கத்தின் தொலைபேசிக்கு மட்டும் அந்தக் கடமை எங்கிருந்து முளைத்தது என்று கேட்டால், அதற்கு என்னிடம் பதில் இல்லை. வெட்கமாக இருக்கிறது.

பாடவேளை_எட்டு எழுதியது:

நான் பயிற்சிக்கு வாற பிள்ளையளை வாங்கிற பக்கம். கணித ரீச்சர். எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போறதெண்டு அடிபடுறியள். போன பிறகு உள்ள என்ன நடக்குதெண்டு ஒருத்தரும் கேக்கேல்லை.

உண்மையைச் சொல்லுறன். பயிற்சி மாணவர் வந்தால் நாங்கள் எல்லாருமே கொஞ்சம் சந்தோசப்படுவம். ஏனெண்டால் அண்டைக்கு ஆர் லீவோ அவையின்ர வகுப்புக்கு அனுப்ப ஒரு ஆள் கிடைச்சிட்டுது. தமிழ் படிக்க வந்த பிள்ளை காலமை சுகாதாரம், பத்து மணிக்குக் குடியியல், கடைசியில மைதானத்தில வரிசை பிடிச்சுக்கொண்டு நிக்கும். பாடக்குறிப்பு எழுதின கொப்பி பையுக்குள்ளயே கிடக்கும். என்னிட்டை வாற பிள்ளையளை நான் அப்பிடி விடுறேல்லை, ஆனால் என்ர பக்கத்து மேசையில நடக்கிறதை என்னால நிப்பாட்டவும் ஏலாது.

இன்னொண்டு. தரம் 11 வகுப்பை ஒருநாளும் பயிற்சி மாணவருக்குக் குடுக்க மாட்டன். ஓ.எல். பெறுபேறு குறைஞ்சால் தாய் தகப்பன் வந்து கேக்கிறது என்னைத்தான். அதால இவைக்குக் கிடைக்கிறது தரம் 6, 7, 8. மேல் வகுப்புப் படிப்பிக்காமலே பட்டம் வாங்கியிட்டுப் போகினம்.

எனக்கு இதுக்கு ஒரு சதமும் இல்லை, பாடவேளை குறைப்பும் இல்லை. 2021இல சம்பள முரண்பாட்டுக்காக மாதக்கணக்கா ஒன்லைன் படிப்பிப்பை நிப்பாட்டிப் போராடின ஆக்கள் நாங்கள். அந்த ஆக்களிட்டைச் சும்மா ஒரு பொறுப்பைக் கட்டிவிட்டால், ஒருசிலர் மனமொத்துச் செய்வினம், மிச்சப்பேர் கையெழுத்து மட்டும் வைப்பினம்.

கொக்குவிலான் எழுதியது:

ரீச்சர், நீங்கள் எனக்குத்தான் சாட்சி சொல்லுறியள். மனமொத்துச் செய்யிற ரீச்சர்மார் ஒருசிலர் எண்டால், அந்த ஒருசிலர் எங்க இருக்கினம் எண்டு ஆருக்குத் தெரியும்? துறைக்கோ, வலயத்துக்கோ? அவையிட்டைப் படிச்ச பழைய மாணவனுக்குத்தான். நான் என்ர பள்ளிக்கூடத்துக்கே போயிருந்தால் என்ர நாடக சேரிட்டை உண்மையாவே ஏதும் பழகியிருப்பன்.

பாடவேளை_எட்டு எழுதியது:

பழகியிருப்பீங்களோ, பாசத்தில நனைஞ்சிருப்பீங்களோ? என்னிட்டைப் படிச்ச பிள்ளை ஒண்டு என்னிட்டையே பயிற்சிக்கு வந்தது. கரும்பலகையில பின்னத்தைப் பிழையா விளங்கப்படுத்தினாள். வேற ஆள் எண்டால் வகுப்பு முடியக் கூப்பிட்டு முகத்துக்கு நேர சொல்லியிருப்பன். அவளுக்குச் சொல்ல வாய் வரேல்லை. ஸ்ராஃப் றூமில "எங்கட பிள்ளை, எங்கட பிள்ளை" எண்டு எல்லாரும் ரீ ஊத்திக் குடுக்கினம். வகுப்பில அவளின்ர தம்பி வயசுப் பொடியள் "அக்கா" எண்டு கூப்பிடுகினம். படிச்ச பள்ளிக்கூடத்துக்கு மட்டும் அனுப்பக்கூடாது, அதில நான் உறுதி.

நெடுந்தீவுக்காரி எழுதியது:

இவ்வளவு நேரமும் வாசிச்சுக்கொண்டு இருந்தனான். நெல்லியடி, கொக்குவில், வலிகாமம் எண்டு போகுது கதை. எங்கட பக்கம் ஒருத்தரும் திரும்பிக்கூடப் பாக்கேல்லை, வழமைதானே.

அவரவர் பாடசாலை தேடலாம் எண்டால் குறிகட்டுவானில வந்து படகு ஏறித் தேட ஆர் வருவினம்? ஒரு ஆள் வராது. ஒதுக்குற முறையில எண்டாலும் எங்கட பிள்ளையளுக்கு இடைக்கிடை ஒரு புது முகம் வந்தது. புதுசாப் படிச்ச ஆக்கள், படம் கீறிக் காட்டுவினம், பாட்டுப் படிப்பிப்பினம், பிள்ளையள் அவையைச் சுத்திக்கொண்டு திரியுங்கள். எங்கட மகன் தரம் 4இல இருக்கேக்க வந்த ஒரு மிஸ்ஸின்ர பேரை இப்பவும் சொல்லுவான்.

நியமனம் கிடைக்கேக்க உங்களில எத்தினை பேரை நேரா யாழ் நகரத்தில போடுவினம்? கஷ்டப் பிரதேசம், அதிகஷ்டப் பிரதேசம் எண்டு தீவுக்கும் வன்னிக்குந்தான் முதல் நியமனம். அங்க ஒரு ரீச்சர் ரெண்டு தரத்தை ஒரே மண்டபத்தில வச்சுப் படிப்பிக்கவேணும். பல்தர வகுப்பு எண்டு புத்தகத்தில படிச்சுப் புள்ளி வாங்கின ஆள், முதன்முதலா அதைக் கண்ணால காணுறது நியமனம் கிடைச்ச பிறகு. பிறகு ஆறு மாதத்தில இடமாற்றத்துக்கு ஓடித் திரியிறது.

கொக்குவிலான் எழுதியது:

அக்கா, உங்கட கவலையில ஞாயம் இருக்கு. ஆனால் அந்தக் கடனைத் தீர்க்கவேண்டியது பயிற்சி மாணவனோ? நியமனம் பெற்ற ஆசிரியருக்குச் சம்பளம் இருக்கு, கஷ்டப் பிரதேசக் கொடுப்பனவும் இருக்கு. மாணவனுக்கு என்ன இருக்கு? மகாபொலப் புலமைப்பரிசில் வந்தால் வந்தது, அதுவும் எல்லாருக்கும் இல்லை. பஸ் காசு, படகு, சாப்பாடு, படிப்பிக்கிற சாதனத்துக்கு மட்டையும் மாக்கரும். பெண் பிள்ளையள் எண்டால் ஒவ்வொரு நாளும் சேலை. எங்கட வகுப்பில முக்கால்வாசிப் பேர் பெண் பிள்ளையள். நெடுந்தீவுக்குப் படகு ஒரு மணித்தியாலம், தினமும் போய்வரச் சரிவராது, அங்க தங்கவேணும். எங்க தங்கிறது, ஆற்ற செலவில?

நெடுந்தீவுக்காரி எழுதியது:

தீவகம் எண்டால் எல்லாம் கடலுக்கு நடுவில எண்டு நினைக்கிறியள் தம்பி. வேலணைக்கும் ஊர்காவற்றுறைக்கும் புங்குடுதீவுக்கும் பண்ணைப் பாலத்தால பஸ் ஓடுது. பருத்தித்துறையில இருந்து யாழ்ப்பாணம் 750ஆம் இலக்க பஸ்ஸில ஒவ்வொரு நாளும் வந்து போற பிள்ளையளுக்கு வேலணை என்ன சந்திரமண்டலமோ? அங்ககூட ஒருத்தரும் கடிதம் கேட்டு வாறதில்லை எண்டுதான் சொல்லுறன். நெடுந்தீவை விடுங்கோ, பாலத்தால போற இடத்துக்கு வாங்கோ முதல்ல.

தங்கிறதைப் பற்றிக் கேட்டீங்கள். ரெண்டு பேராச் சேர்த்து அனுப்பச் சொல்லுங்கோ, எங்கட ஊரில வீடு குடுக்கச் சனம் இருக்கு.

மூண்டாம்வருச_உள்ளகம் எழுதியது:

கல்வியியற் கல்லூரியில படிச்ச ஆள் நான். எங்களுக்கு ரெண்டு வருசம் விடுதியில இருந்து படிப்பு, மூண்டாம் வருசம் முழுக்கப் பாடசாலையில உள்ளகப் பயிற்சி. கடிதம் தேடித் திரிஞ்சதெண்டு ஒரு கதையே இல்லை, இன்ன பாடசாலை எண்டு கையில தந்தவை, போனம். உங்கட சில கிழமைப் பயிற்சிக்கு இவ்வளவு சண்டையோ? 😀

நாலாம்வருசம் எழுதியது:

சில கிழமை எண்டபடியால்தான் சண்டை அண்ணை. உங்களுக்கு ஒரு தவணை வீணாப் போனாலும் இன்னும் ரெண்டு தவணை இருந்தது. எங்களுக்கு ஒரு கிழமை வீணாப் போனால் அவ்வளவுதான்.

மட்டுறுத்துனர்:

ஒரு பாடசாலையின் பெயரையும் அதன் அதிபரின் பெயரையும் சொல்லி, பணம் வாங்கியதாக எழுதிய பதிவு நீக்கப்பட்டது. ஆதாரம் இருந்தால் முறைப்பாடு செய்யும் இடத்தில் செய்யுங்கள், இங்கே வேண்டாம். விவாதம் தொடரட்டும்.

பின்வாங்கு எழுதியது:

மேற்பார்வைக்குப் போற வருகை விரிவுரையாளர்களில ஒருத்தன் நான். கொக்குவிலானின்ர கதையில பின்வாங்கில இருந்தவர் நான் இல்லை எண்டு நம்புறன்.

கணக்கைப் பாருங்கோ. பாடசாலை 7.30க்குத் தொடங்கி 1.30க்கு முடியுது. ஒரு நாளைக்கு எட்டுப் பாடவேளை எண்டு வையுங்கோ. ஒரு மாணவரின்ர பாடத்தை முழுசா இருந்து பாத்து, பாடக்குறிப்புக் கோவையைப் பிரட்டிப் பாத்து, பிறகு அவரோட தனிய இருந்து கதைக்கவேணும் எண்டால் ரெண்டு பாடவேளை போயிடும். ஒரே பாடசாலையில நாலு பேர் எண்டால் ஒரு நாளில முடியும். திருநெல்வேலி, கோண்டாவில், உரும்பிராய் எண்டு ஒரே றோட்டில பாடசாலைகள் இருந்தாலும் மூண்டு பேரைப் பாக்கலாம். ஆளாளுக்குத் தங்கட தங்கட ஊரில கடிதம் வாங்கினால் என்ன நடக்கும்? ஒண்டு அளவெட்டியில, ஒண்டு கொடிகாமத்தில, ஒண்டு வல்வெட்டித்துறையில. நான் மோட்டச்சைக்கிளில போய் இறங்கேக்க "மிஸ்ஸின்ர பாடம் இப்பத்தான் முடிஞ்சுது சேர்" எண்டுவினம்.

அப்பிடி ரெண்டு தரம் நடந்தால் என்ன செய்வினம்? பாடத்தைப் பாக்காமலே கோவையைப் பாத்துப் புள்ளி போடுவினம். வடிவான கையெழுத்து, கலர் மாக்கர், ஒட்டின படம். கோவை நல்லம் எண்டால் ஆசிரியர் நல்லம். இதுதான் நடக்குது.

மற்றது காலம். முதலாந் தவணையில இல்லங்களுக்கிடையிலான மெய்வல்லுநர் போட்டிப் பயிற்சி, மார்ச்சில வடக்கின் பெருஞ்சமர் கிரிக்கெட், பாதி வகுப்பு மைதானத்தில. மூண்டாந் தவணை முழுக்கப் பரீட்சைக் காய்ச்சல். ரெண்டாந் தவணைதான் ஆறுதலாப் படிப்பிக்கக்கூடிய தவணை. பல்கலைக்கழகக் கலண்டருக்கு இது ஒண்டும் தெரியாது, தங்கட செமஸ்டர் எப்ப முடியுதோ அப்ப அனுப்புவினம்.

நாலாம்வருசம் எழுதியது:

சேர், உங்கட கணக்கு விளங்குது. ஆனால் மேற்பார்வைக்கு வசதி எண்டு ஒரே றோட்டில எல்லாரையும் போட்டால், கடைசியில திருநெல்வேலியைச் சுத்தித்தானே எல்லாரும்? நெடுந்தீவு அக்கா கேட்டதுக்கு அப்ப என்ன பதில்?

பின்வாங்கு எழுதியது:

கேள்வி சரி. றோட்டை மாத்தலாம், பிள்ளை. கூட்டமா அனுப்பவேணும் எண்டுதான் நான் சொல்லுறன், நகரத்துக்கு அனுப்பவேணும் எண்டு சொல்லேல்லை. வேலணையில நாலு பேர், பக்கத்துப் பாடசாலையில மூண்டு பேர் எண்டு ஒரு கொத்தாப் போட்டால் நான் வெள்ளண வெளிக்கிட்டு ஒரு நாள் முழுக்க அங்க நிப்பன். ஒரு ஆளைத் தனிய அங்க போட்டால்தான் மேற்பார்வையாளர் போகாமல் விடுறது.

பழைய அதிபர் எழுதியது:

இது புதிய யோசனையும் அல்ல. முன்பு ஆசிரியர் கலாசாலைகளில் அருகே ஒரு பயிற்சிப் பாடசாலையை வைத்துக்கொண்டு அங்கேதான் மாணவ ஆசிரியர்களைக் கூட்டமாகப் பழக்கினார்கள். அந்தப் பாடசாலை ஆசிரியர்களுக்கும் அது பழகிய வேலை. வருடா வருடம் புதிதாகப் போய்க் கெஞ்சவேண்டிய தேவை இருக்கவில்லை.

ஒரு துறை ஐந்து வலயத்திலும் இரண்டிரண்டு பாடசாலைகளை நிரந்தரமாகப் பிடித்து, அந்த அதிபர்களோடு எழுத்தில் ஒப்பந்தம் செய்து, என்ன பாடம் இருக்கிறது, யார் வழிகாட்டி ஆசிரியர், எந்தத் தவணை என்று முன்கூட்டியே பேசிவிட்டால் சம்மதக் கடிதம் தேடும் வேலையே இல்லாமல் போகும். நான் அதிபராக இருந்த காலத்தில் அப்படி ஒருவரும் வந்து என்னோடு பேசியதில்லை. திங்கட்கிழமை காலை பிள்ளைகள் வாசலில் நிற்பார்கள், கடிதம் புதன்கிழமை தபாலில் வரும்.

கொக்குவிலான் எழுதியது:

ஐயா சொன்னதை மறுக்க ஏலாது. பாடமும் ஆசிரியரும் முதலே தெரிஞ்ச பட்டியல் எண்டால் என்ர பிரச்சினை பாதி தீர்ந்திடும். ஆனால் பட்டியல் வந்தாலும் அதுக்குள்ள எங்க போறதெண்டு மாணவனும் ஒரு சொல்லுச் சொல்லவேணும். மூண்டு விருப்பத்தை எழுதிக் குடுக்கட்டும், துறை அதில ஒண்டைக் குடுக்கட்டும். வீட்டில சுகமில்லாத தாயைப் பாக்கிற பிள்ளைக்கும் மோட்டச்சைக்கிள் வச்சிருக்கிற பொடியனுக்கும் ஒரே அளவுகோல் சரிவராது.

பாடவேளை_எட்டு எழுதியது:

மூண்டு விருப்பத்திலயும் படிச்ச பள்ளிக்கூடம் இருக்கக்கூடாது எண்டு ஒரு வரி போடுங்கோ. கடிதத்தில இன்னொரு வரி: பயிற்சி மாணவரைத் தன்ர பாடம் தவிர்ந்த வகுப்புக்கு அனுப்பவேண்டாம் எண்டு. அது துறையின்ர கடிதத்தலைப்பில இருந்தால் நான் அதைக் காட்டி அதிபரோட கதைப்பன். மாணவர் தானே கொண்டு வாற கடிதத்தில அப்பிடி எழுத அவைக்குத் துணிவு வராது, வரவும் கூடாது.

நாலாம்வருசம் எழுதியது:

நன்றி எல்லாருக்கும். வகுப்புப் பிரதிநிதியோட கதைச்சன், துறைத் தலைவருக்கு ஒரு மகஜர் எழுதுறம். வலயங்களிட்டை இருந்து பாடமும் வழிகாட்டி ஆசிரியரும் உள்ள பட்டியல் எடுத்து, துறையே வலயத்துக்கூடாக அனுமதிக் கடிதம் அனுப்பவேணும், படிச்ச பாடசாலை இல்லாமல் மூண்டு விருப்பம் எழுதலாம். இது ஒண்டு. பயிற்சி ரெண்டாந் தவணையில நடக்கவேணும், பாடம் மாத்தி அனுப்பக்கூடாது. இது ரெண்டாவது. எல்லாரும் ரெண்டு கிழமையாவது கஷ்டப் பிரதேசப் பாடசாலை ஒண்டில கூட்டமாப் போய்ப் படிப்பிக்கவேணும், போக்குவரத்துச் செலவு துறை தரவேணும். இது மூண்டாவது. பழைய மாணவரும் கையெழுத்து வைக்கலாமாம். கொக்குவில் அண்ணை, நீங்கள் வைப்பீங்களோ?

கொக்குவிலான் எழுதியது:

முதல் ரெண்டுக்கும் வைப்பன். மூண்டாவதுக்கு மாட்டன். செலவு தரவேணும் எண்ட பாதியை மறந்துபோட்டு, போகவேணும் எண்ட பாதியை மட்டும் நாளைக்கே அமுல்படுத்துவினம். காசு வந்த பிறகு போறம் எண்டு மாத்தி எழுதுங்கோ, அப்ப வைக்கிறன்.

நெடுந்தீவுக்காரி எழுதியது:

காசு வந்த பிறகு எண்டு எழுதினால் ஒருநாளும் வரமாட்டீங்கள் தம்பி. பிள்ளை, நீங்கள் எழுதினபடியே விடுங்கோ. கையெழுத்து எங்கட பெற்றாரிட்டை இருந்தும் எடுத்துத் தாறன், எத்தினை வேணும்?